ஓட்டை, விரிசல், கோணல்

வெல்டிங் மெஷினில் 100 ஆம்பியர் வைத்து ராடை, அதாவது பூச்சுள்ள வெல்டிங் கம்பியை, ஓட்டும்போது ஆர்க்கில் நிலைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 24 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 2,400 வாட். அவ்வளவு ஆற்றலும் விரல்நகத்தைவிடச் சிறிய ஓரிடத்தில் இறங்குகிறது. ஆர்க்கின் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கேட்டுக்கும் கிரில்லுக்கும் நாம் வாங்கும் மைல்டு ஸ்டீலோ 1,500 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அதனால் ராடின் நுனிக்குக் கீழே எட்டுப் பத்து மில்லிமீட்டர் நீளத்துக்கு உலோகக் குட்டை ஒன்று உண்டாகிறது. கை நொடிக்கு 3 மி.மீ. வேகத்தில் நகர்ந்தால், வெல்டின் எந்த ஓர் இடமும் திரவமாக இருப்பது சுமார் 3 நொடிதான்.

அந்த 3 நொடியில் நான்கு வேலைகள் முடிய வேண்டும். இரண்டு துண்டுகளின் விளிம்பும் உருக வேண்டும். ராடிலிருந்து சொட்டும் உலோகம் அவற்றோடு கலக்க வேண்டும். உள்ளே கரைந்த வாயு வெளியேற வேண்டும். கசடு மேலே மிதந்து வர வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று பாதியில் நிற்கும்போதே குட்டை உறைந்துவிட்டால், அந்தக் குறை அப்படியே இரும்புக்குள் தங்கிவிடும்.

வெல்டிங் பிழைகளுக்குப் பெயர்கள் பல. காரணங்களை வகைபிரித்தால் மூன்றில் அடங்கும்: வெப்பம் கூடியது அல்லது குறைந்தது, காற்றோ அழுக்கோ உள்ளே புகுந்தது, குளிரும்போது சுருங்கும் உலோகத்துக்கு இடம் கொடுக்கப்படவில்லை. உறைந்த வெல்டைப் பார்த்து இந்த மூன்றில் எது நடந்தது என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் மருந்து எளிது.

ராடின் பூச்சு எதற்கு?

வெறும் இரும்புக் கம்பியால் பற்றவைத்த ஆரம்ப காலத்தில், காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தில் நேரடியாகக் கலந்தன. வெல்டு நொறுங்கும் தன்மை உடையதாகவும் ஓட்டை நிறைந்ததாகவும் இருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெர்க் கம்பிக்குக் கனிமப் பூச்சு கொடுத்து 1907-இல் காப்புரிமை பெற்றார். இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு ராடும் அந்த வழி வந்ததுதான்.

பூச்சிலுள்ள செல்லுலோஸும் கார்பனேட்டும் சூட்டில் சிதைந்து வாயுவாகி, குட்டையைச் சுற்றியுள்ள காற்றை விலக்குகின்றன. மிச்சமுள்ள கனிமங்கள் உருகிக் கசடாகி, உறையும் உலோகத்தின் மேல் போர்த்திக்கொள்கின்றன. கடைகளில் அதிகம் விற்கும் 6013 வகை ராடின் பூச்சில் முதன்மையானது ரூட்டைல், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு சேர்ந்து கிடைக்கும் அதே கனிமம்.

6013 என்ற எண்ணில் முதலில் உள்ள 60, வெல்டின் இழுவலிமை சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு என்பதைக் குறிக்கிறது. மெட்ரிக் அளவில் அது சுமார் 414 மெகாபாஸ்கல். சாதாரணக் கட்டுமான இரும்பின் இழுவலிமையும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே, ராடு நன்றாக உருகி நன்றாகக் கலந்திருந்தால் வெல்டு தாய் உலோகத்துக்குச் சளைத்ததல்ல. வெல்டு விட்டுப்போனால் ராடு பலவீனம் என்று சொல்லிவிடுவது வழக்கம். தேட வேண்டியது பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்

ராடு ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் விட்டுவிட்டு எரிகிறது என்றால் கையைச் சந்தேகிக்கும் முன் மின்சாரம் வரும் பாதையைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்க்குக்கு 2,400 வாட் என்றால், மெஷினுக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்து வீட்டு லைனிலிருந்து அதற்கு மேலேயே இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கின் எல்லையை அது நெருங்கிவிடுகிறது. மெலிந்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினால் ஒயரிலேயே சில வோல்ட் போய்விடும். சுருட்டியபடியே வைத்தால் ஒயர் உருகவும் கூடும். மாலையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில் சிறிய இன்வெர்ட்டர் மெஷினின் முகப்பு 100 ஆம்பியர் என்று காட்டினாலும், ராடுக்கு அவ்வளவு போவதில்லை.

அடுத்தது எர்த் கிளாம்ப். துருவின் மேலோ பெயின்ட் மேலோ அதைக் கவ்வவிட்டால் தொடர்பு சரியாக இருக்காது. அந்த இடத்தில் 0.03 ஓம் தடை இருந்தாலே, 100 ஆம்பியர் ஓடும்போது 300 வாட் வெப்பம் கிளாம்பில் வீணாகும். சூடேறச் சூடேறத் தொடர்பு நடுங்கும், ஆர்க்கும் நடுங்கும். வேலை முடிந்து மெஷினை அணைத்ததும் கிளாம்ப் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் நோய் அங்கேதான். பளிச்சென்று கிரைண்டர் அடித்த இரும்பில் கவ்வவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ராடு ஒட்டினால் ஆம்பியர் குறைவு என்று பொருள். குளிர்ந்த ராடு குளிர்ந்த இரும்பைத் தொடும் கணத்தில், நுனி உருகி விலகுவதற்குப் போதிய வெப்பம் பிறக்காமல் அங்கேயே உறைந்துவிடுகிறது. 6013 ராடுக்கு ஏறத்தாழ இந்த அளவுகள் பொருந்தும்: 12 நம்பர் எனப்படும் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர். 10 நம்பர் எனப்படும் 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130. சரியான எண் டப்பாவின் மேலேயே அச்சாகியிருக்கும்; அதன் நடுவில் தொடங்குங்கள்.

ஓட்டைகள்

கசடைத் தட்டியதும் வெல்டில் ஊசி குத்தியது போன்ற துளைகள் தெரிந்தால் அது வாயுவின் வேலை. உருகிய இரும்பு ஹைட்ரஜனையும் நைட்ரஜனையும் தாராளமாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும் கணத்தில் அந்தக் கொள்ளளவு சில மடங்கு குறைந்துவிடுகிறது. மிகுந்த வாயு குமிழாகி மேலே வரப் பார்க்கிறது. வழியிலேயே உலோகம் உறைந்தால் குமிழ் ஓட்டையாகிறது.

வாயு எங்கிருந்து வந்தது என்பதைத் துளைகளின் இடமே சொல்லும். தொடக்கத்தில் மட்டும் துளைகள் என்றால், ஆர்க்கை மூட்டியபோது ராடைத் தூரமாகப் பிடித்து, வாயுப் போர்வை உருவாகும் முன்பே நகர்ந்திருக்கிறீர்கள். நீளம் முழுக்கத் துளைகள் என்றால் இரும்பு அழுக்காக இருந்தது அல்லது ராடு ஈரமாக இருந்தது. ஆங்காங்கே கொத்துக் கொத்தாக இருந்தால் ஆர்க் நீளம் கூடிக் குறைந்திருக்கிறது, இல்லையேல் மின்விசிறியின் காற்று புகுந்திருக்கிறது. ராடின் நுனிக்கும் குட்டைக்கும் உள்ள இடைவெளி ராடின் தடிமனைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டாலே பாதிப் புகார்கள் தீரும்.

துருவை எளிதாக எண்ணக் கூடாது. அது ஆக்சைடு மட்டுமல்ல. நீரையும் பிணைத்து வைத்திருக்கிறது. ஆர்க்கின் சூட்டில் அந்த நீர் சிதைந்து ஹைட்ரஜனாகிறது. எண்ணெயும் பெயின்டும் அப்படியே. மழைக்காலத்தில் திறந்து கிடந்த ராடின் பூச்சும் ஈரத்தை உறிஞ்சும். 6013 ராடைச் சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் தேறிவிடும்.

ஜி.ஐ. பைப் தனிக் கதை. அதன் துத்தநாகப் பூச்சு 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. இரும்பு உருகுவதற்கு 600 டிகிரி முன்னதாகவே துத்தநாகம் கொதித்துவிடுகிறது. அதன் ஆவி குட்டையைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. வெள்ளைப் புகையாகக் கிளம்புவது துத்தநாக ஆக்சைடு. அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஓரிரு நாளில் விலகும். இணைப்பின் இருபுறமும் ஓர் அங்குலம் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகைக்கு எதிர்ப்புறம் நின்று பற்றவையுங்கள். எண்ணெய் போக்கக் குளோரின் கலந்த கிளீனர் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்தாதீர்கள். ஆர்க்கின் சூட்டிலும் புறஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடும்.

ஒட்டியும் ஒட்டாமலும்

ஓட்டை கண்ணுக்குத் தெரியும். அதைவிட ஆபத்தானது கண்ணுக்கு அழகாகத் தெரியும் பிழை. வெல்டு உருண்டு திரண்டு மேலே உட்கார்ந்திருக்கும். அடியில் தாய் உலோகம் உருகியே இருக்காது. சுத்தியலால் அடித்தால் வெல்டு முழுசாகப் பெயர்ந்து வரும். அது இருந்த இடம் வழவழப்பாக இருக்கும்.

காரணம் வெப்பக் குறைவு. ஆம்பியர் குறைவாக இருக்கலாம், கை வேகமாக ஓடியிருக்கலாம், அல்லது தடித்த இரும்பு வெப்பத்தை இழுத்துக்கொண்டிருக்கலாம். 8 மி.மீ. தகட்டில் 2 மி.மீ. பைப்பைச் சேர்க்கும்போது இது நிச்சயம் நடக்கும். ராடை நடுவில் காட்டினால் பைப் உருகும், தகடு உருகாது. ஆர்க்கின் பெரும்பங்கு தகட்டின் மேல் விழ வேண்டும். குட்டை தானாகப் பைப்பைத் தொட்டுக்கொள்ளும்.

இதன் உடன்பிறப்பு, உள்ளே சிக்கிய கசடு. கசடு இரும்பைவிட இலேசானது, மிதக்கத்தான் பார்க்கும். ஆனால் ராடைத் தவறான பக்கம் சாய்த்தால் கசடு ஆர்க்குக்கு முன்னால் ஓடிவிடும். பிறகு அதன் மேலேயே உலோகம் விழும். ராடை நகரும் திசைப் பக்கம் 10 முதல் 15 டிகிரி சாய்த்து இழுத்துச் சென்றால், ஆர்க்கின் விசை கசடைப் பின்னுக்குத் தள்ளும். ஒரு வெல்டின் மேல் இன்னொன்று போடும் முன் கசடைத் தட்டி, ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பின் நிறம் தெரிந்த பிறகே தொடர வேண்டும்.

நம் ஊர் கேட் வேலைகளில் ஒரு பழக்கம் உண்டு. வெல்டை கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க இணைப்பே தெரியாது. உருகிச் சேராத வெல்டாக இருந்தால், பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச உலோகமும் கிரைண்டரோடு போய்விடும். கீல் இருக்கும் இடத்திலாவது வெல்டை மட்டமாக்காமல் விட்டுவிடுங்கள்.

சூடு மிஞ்சினால்

எதிர்ப்பக்கப் பிழை, பொத்தல். 18 கேஜ் ஸ்கொயர் பைப்பின் சுவர் 1.2 மி.மீ. மட்டுமே. 10 நம்பர் ராடு அதற்குப் பெரிது. 12 நம்பர் ராடு அல்லது 2 மி.மீ. ராடு எடுத்து, ஆம்பியரைக் கீழ் எல்லைக்குக் கொண்டுவாருங்கள். தொடர்ந்து ஓட்டாமல் ஒரு சென்டிமீட்டர் போட்டு, செந்நிறம் மங்கும்வரை நிறுத்தி, மீண்டும் போடுங்கள். முடிந்த இடத்தில் பின்னால் செப்புப் பட்டை வையுங்கள். செம்பு இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெல்டும் அதில் ஒட்டாது. இரண்டு பைப்புக்கு நடுவே இடைவெளி இருந்தால் ராடால் நிரப்ப முயலாமல், மறுபடி அறுத்துப் பொருத்துவதே சிக்கனம்.

பொத்தலாகாமல் வெல்டின் ஓரத்தில் மட்டும் பள்ளம் விழுவதும் உண்டு. ஆர்க் தாய் உலோகத்தைத் தோண்டிவிட்டது, ஆனால் தோண்டிய இடத்தை நிரப்ப ராடின் உலோகம் வந்து சேரவில்லை. ஆம்பியர் அதிகம், ஆர்க் நீளம் அதிகம், ஓரங்களில் கை நிற்காமல் ஓடியது ஆகிய மூன்றும் இதற்குக் காரணம். பள்ளம் மெல்லியதுதானே என்று விடக் கூடாது. சுமை ஏறும்போது விசை முழுதும் அந்தக் கூர்மையான பள்ளத்தில் குவியும். நாள்தோறும் திறந்து மூடும் கேட்டின் கீலில் விரிசல் தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுவே. சுத்தம் செய்து, சிறிய ராடால் மெல்லிய வெல்டு ஒன்றை அதன் மேல் ஓட்டுங்கள்.

விரிசல்

மற்ற பிழைகளில் சிலவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். விரிசலைப் பொறுக்க முடியாது, அது வளரும்.

சூட்டிலேயே வருவது ஒருவகை. இரும்பிலுள்ள கந்தகம் இரும்புச் சல்ஃபைடாகி, இரும்போடு சேர்ந்து 988 டிகிரிவரை திரவமாகவே இருக்கும். சுற்றிலும் இரும்பு உறைந்து சுருங்கும்போது நடுவில் இந்த மெல்லிய திரவப் படலம் மட்டும் மிஞ்சுகிறது. இழுப்பு தாங்காமல் அங்கே பிளக்கிறது. வெல்டு முடியும் இடத்துக் குழியில் நட்சத்திர வடிவில் தெரியும் விரிசல் இந்த வகைதான். ராடைச் சட்டென்று தூக்காமல், வந்த வழியே ஒரு சென்டிமீட்டர் திரும்பி, குழியை நிரப்பிவிட்டு எடுத்தால் அது வராது.

மற்றொன்று ஆறிய பிறகு வரும். சில மணி நேரம் கழித்தும் வரலாம், இரண்டு நாள் கழித்தும் வரலாம். அதற்கு மூன்று காரணங்கள் ஒன்றுசேர வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான உலோகம், இழுவிசை. மைல்டு ஸ்டீலில் கார்பன் சுமார் 0.25 சதவீதத்துக்குள் இருக்கும். லாரியின் பட்டை ஸ்பிரிங்கில் அது 0.5 சதவீதத்தைத் தாண்டும். பற்றவைத்ததும் சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்சிவிட, வெல்டை ஒட்டிய பகுதி மார்ட்டன்சைட் என்ற கடினமான, நொறுங்கும் நிலைக்குப் போகிறது. மிகச் சிறிய ஹைட்ரஜன் அணுக்கள் உறைந்த இரும்புக்குள்ளும் ஊர்ந்து அங்கே சேர்கின்றன. பிறகு ஒருநாள் அது பிளக்கிறது. இப்படிப்பட்ட இரும்பை 200 முதல் 300 டிகிரிவரை முன்கூட்டியே சூடாக்கி, நன்கு உலர்த்திய, ஹைட்ரஜன் குறைந்த 7018 வகை ராடால் பற்றவைத்து, காய்ந்த மணலில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும். கார்பன் 2 முதல் 4 சதவீதம்வரை உள்ள வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு தேவை.

விரிசலின் குணத்தை உலகுக்குக் காட்டியது ஒரு கப்பல். 1943 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் போர்ட்லாந்தில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அமைதியான நீரில் துறையில் நின்றபடியே நடுவில் பிளந்தது. அடித்தட்டு மட்டுமே மிஞ்சியது. பழி முதலில் வெல்டின் மேல் விழுந்தது. அக்காலக் கப்பல் விபத்துகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், அந்தக் கப்பல்களின் இரும்பு குளிரில் நொறுங்கும் தன்மை அடைவதை நிறுவினார். ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் பெரும்பாலும் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டு செய்த கப்பலோ ஒரே உலோகம். சிறு பள்ளத்தில் தொடங்கியது தடையில்லாமல் ஓடிவிட்டது. விரிசலின் மேலேயே ராடு ஓட்டி மூடுவது ஏன் வீண் வேலை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. அதன் இரு நுனியிலும் துளையிட்டு நிறுத்தி, முழுதாகத் தோண்டி எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும்.

கோணல்

சதுரமாகப் பொருத்திய சட்டம் பற்றவைத்து முடிந்ததும் முறுக்கிக்கொள்கிறது. இரும்பு 100 டிகிரி சூடானால் ஒரு மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். நீள விடாமல் பிடித்துவைத்தால், அந்த அளவு நெருக்கத்திலேயே மைல்டு ஸ்டீல் தன் மீள்எல்லையைத் தொட்டு நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும். வெல்டைச் சுற்றியுள்ள பகுதி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. குளிர்ந்த சுற்றுப்புறம் அதை நீளவிடாது. ஆகவே சூட்டில் நசுங்கி, குளிரும்போது பழைய அளவைவிடக் குறுகி, தன்னோடு சட்டத்தையும் இழுத்துவிடுகிறது.

இந்தச் சுருக்கத்தை யாரும் தடுக்க முடியாது. ஒன்றுக்கொன்று எதிராக நிற்கவைக்கலாம். எல்லா மூலைகளிலும் முதலில் சிறு சிறு டேக் (தற்காலிகப் பிடிப்பு வெல்டு) அடித்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்குங்கள். பிறகு ஒரு மூலை, அதற்கு எதிர் மூலை என்று மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள். நீண்ட வெல்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பின்னோக்கி ஓட்டுங்கள். தேவைக்கு மேல் உலோகம் போடாதீர்கள். மூலை வெல்டின் பக்க அளவு 4-லிருந்து 6 மி.மீ. ஆனால் உலோகம் 2.25 மடங்காகும், வெப்பமும் கோணலும் அதோடு கூடும்.

உடைத்துப் பாருங்கள்

பிழையைத் திருத்தும்போது ஆம்பியர், ராடு, வேகம், சாய்வு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமலே போகும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதையும் கேட்டில் செய்யாமல், அதே தடிமனுள்ள கழிவுத் துண்டில் செய்யுங்கள். இரண்டு பட்டைகளை எடுத்து, ஒன்றின் நடுவே மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, ஆறியதும் வெல்டு இருக்கும் பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடித்து உடையுங்கள். உடைந்த முகத்தில் ஓட்டை, கசடு, உருகாத மூலை எல்லாம் வெளிப்படையாகத் தெரியும். தண்ணீர்த் தொட்டி போன்றவற்றுக்கு, வெல்டின் ஒரு பக்கம் சாக்பீஸ் பொடிக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். நுண்ணிய ஓட்டை இருந்தால் வெள்ளையில் கறை விழும்.

கழிவுத் துண்டில் பழகும்போதும் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கின் புறஊதாக் கதிர் விழித்திரைக்கு முன்பாகவே கருவிழிப் படலத்தைச் சுட்டுவிடும். 100 ஆம்பியர் அளவுக்கு 10 அல்லது 11 எண் கண்ணாடி வேண்டும். ஈரத் தரையிலும் நனைந்த கையுறையிலும் வேலை வேண்டாம்.

எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் இந்தக் கல்வியின் பகுதி. கொதிகலனின் அழுத்தப் பகுதிகளைப் பற்றவைப்பவர் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தேர்வில் தேறியிருக்க வேண்டும். திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே தனி நிறுவனம் இயங்குகிறது. பற்றவைப்பு அவ்வளவு பொறுப்புள்ள வேலை. கேஸ் சிலிண்டர், பெட்ரோலோ டீசலோ இருந்த டிரம், வண்டியின் ஸ்டீயரிங் பாகம், அச்சு, ஆள் ஏறும் ஏணி, பாரம் தூக்கும் கொக்கி ஆகியவற்றில் வீட்டு மெஷினை வைக்காதீர்கள். அறுந்தால் யாருக்கும் காயம் வராத பொருள்களை மட்டும் வீட்டில் பற்றவையுங்கள். மற்றவற்றைத் தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள்.